எதிர்வீட்டு காலிங் பெல்

"கண்ண மூடிக்கினு சுட்டேன்டா. நம்ம ஜன்னல்லேர்ந்து எதிர்வீட்டு காலிங் பெல்லு சுவிட்ச்ச. ஒரே குண்டு! பெல்லுல இருக்கற கிளி கத்துச்சு பாரு, ஏலகிரி மலையில இருக்கற கிளியெல்லாம் பதில் குரல் குடுத்துச்சு!"

பஞ்சாட்சரம் இதைச் சொன்னபோது மகன் நவநீதன் கூடத்தில் நின்று புதுப் பூட்டை உறையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தான். பழையதைப் போல இரண்டு மடங்கு பெரியது. கட்டிலில் மனைவி தனகோடி, மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் ஏற்றிவைத்து, மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"நைனா, எதிர்வீட்டு மெர்சி அக்கா என்கிட்ட சொல்லிடுச்சு. மழைத் தண்ணி எறங்கி சுவிட்ச்சு கெட்டுப்போயி தானா அடிச்சிதாம். நீ அதுலயும் உன் துப்பாக்கிய சொருவாத."

பஞ்சாட்சரத்துக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொன்ன நாளெல்லாம் ஊரில் பாதிப் பேராவது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் பெற்ற பிள்ளையே நம்பமாட்டேன் என்கிறான்.

தோல் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பீரோவில் பழைய காற்றுத் துப்பாக்கிகள் வைத்திருந்தார். அவர் சொன்னால் ஐம்பது, எண்ணினால் ஐந்து. குழலை முறித்து மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையைத் தட்டினால் அது காற்றை நெட்டித் தள்ளும், காற்று ஈயக் குண்டைத் தள்ளும். காற்று கசியாமல் பிடித்துக்கொள்வது சின்னக் கிண்ணம் போன்ற ஒரு தோல் வாஷர். "ஷூவுக்குப் போடற மெத்து மெத்துனு இருக்கற தோல வெட்டிப் போட்டா துப்பாக்கி தும்மும். மரப்பட்டை ஊறல்ல பதம் பண்ண தோல் போட்டாத்தான் சுடும்" என்பார். வாஷர்களைத் தானே வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து மாட்டுவார்.

போன மாதம் வேலூர் லாங் பஜாரில் ஒரு காயலான் கடையில் பழைய துப்பாக்கி கிடக்கிறதென்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். வெயிலில் மயங்கி விழுந்தவரை வெங்காய மூட்டைகளோடு கைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி சேர்த்தார்கள். அவர் அதை யானைமேல் ஊர்வலம் போன கதையாகத்தான் சொன்னார். நவநீதன் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும்போது வெளி கிரில்லைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனான்.

காலையில் கம்பெனி பஸ்கள் தெருவையே அள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு நாய்கூடக் குரைக்காது. பகல் ஏற ஏற கிரில்லின் நிழல் தரையில் ஊர்ந்துவந்து, அவருடைய வெள்ளை வேட்டியில் கட்டம் போட்டுக் கைலியாக்கும். கைலி மறுபடி வேட்டியாகும். அதற்குள் ஒரு நாள் போய்விடும்.

இன்று காலை தனகோடி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கால் திரும்பிக்கொண்டது. அவரால் தூக்க முடியவில்லை. நவநீதனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி வாசலில் எல்லோர் போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

"ஆம்புலன்ஸுக்குப் போடட்டுமா?"

"வாணாம்" என்று பல்லைக் கடித்தாள் தனகோடி. "வந்து பூட்டப் பாத்தாங்கன்னா, பெத்தவங்கள உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போய்ட்டான்னு எம்புள்ளையத்தான் பேசுவாங்க. மெர்சிய மட்டும் கூப்டுங்க."

எதிர்வீட்டு மெர்சி நர்ஸ். ராத்திரி ட்யூட்டி முடிந்து வந்தால் போனை அணைத்துவிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தித் தூங்குவாள். பஞ்சாட்சரம் கிரில்லைப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்தினார். அந்தத் தெருவில் அவர் குரலுக்கு அவர் குரல்தான் வந்தது. உள்ளே தனகோடியின் முனகல் மெலிந்துகொண்டே போனது.

அப்போதுதான் மெர்சி வீட்டுக் கதவோரத்தில் அந்த வெள்ளை சுவிட்ச் கண்ணில் பட்டது.

இருப்பதிலேயே முரட்டுத் துப்பாக்கியை எடுத்தார். ரொம்ப நாள் சுடாததில் வாஷர் காய்ந்திருந்தது. முதல் குண்டு புஸ்ஸென்று நடுத்தெருவில் விழுந்தது. இரண்டாவது எதிர்வீட்டு வாசற்படியோடு நின்றது. ஊறவைக்க ஏது நேரம்? தனகோடி தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயை எடுத்துத் துப்பாக்கிக்குள் ஒரு மூடி ஊற்றினார். சொட்டுக்கு மேல் போனால் எண்ணெய் உள்ளேயே பற்றி வெடிக்கும், தொழில் தெரிந்தவன் செய்யக் கூடாத தப்பு. தெரிந்தேதான் ஊற்றினார்.

டமாரென்றது. கூடமெல்லாம் நீலப் புகை. எதிர்வீட்டில் கிளி கத்தத் தொடங்கியது. அமுங்கிய சுவிட்ச் மேலே வராமல் சிக்கிக்கொள்ள, கிளி நிறுத்தவே இல்லை. மெர்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள், அவர் கத்தியதைக் கேட்டு ஓடிவந்து சுத்தியலால் பூட்டை உடைத்தாள். "நாங்களே பூட்டிக்கினோம்மா, சாவி எங்கியோ போய்டுச்சு" என்று குளியலறைத் தரையில் கிடந்தபடியே தனகோடி சொன்னாள்.

இப்போது நவநீதன் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்தான். கொண்டி துள்ளித் திறந்தது.

"இத சுத்தியால எல்லாம் ஒடைக்க முடியாது" என்றவன் கட்டில் பக்கம் திரும்பினான். "ஏம்மா, நைனா சுட்டாரா? நீயே சொல்லு."

இத்தனை வருடத்தில் தனகோடி அவருடைய ஒரு கதைக்கும் சாட்சி சொன்னதில்லை. நிஜமாக நடந்தவற்றுக்கும்கூட. இன்று ஆமென்றால், எந்தப் பூட்டுக்குள் எப்படிக் கிடந்தாள் என்பதையும் மகனிடம் சொல்லியாக வேண்டும். அவள் உதடு இறுகியதைப் பஞ்சாட்சரம் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக, சொன்ன கதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்த்தார்.

"வுட்றா, நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"சுட்டாரு" என்றாள் தனகோடி.

மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கண்ண மூடிக்கினு இல்ல, ஒரே குண்டும் இல்ல. ரெண்டு வாட்டி புஸ்ஸுனு போச்சு. மூணாவதுதான் வெடிச்சுது. என் தலை எண்ணெ தீஞ்ச வாசன பாத்ரூம் வரைக்கும் வந்துச்சு. அப்புறந்தான் கிளி கத்துச்சு. நான் தரையில கெடந்து கேட்டேன் நவநீதா. இவரு சுட்டாரு."

நவநீதன் கையில் பூட்டு வாயைத் திறந்தபடி இருந்தது.