சுவருக்கு ரஜாய்

"உன் காதுக்கு என்னம்மா கேக்கறது? பயப்படாம சொல்லு" என்று ராமசுப்ரமணியன் சார் என்னைக் கேட்டார்.

துவாரகாவில் அவர் வீட்டில்தான் அம்மா வேலை செய்கிறாள். எட்டாவதோடு நின்ற பிறகு பெருக்கித் துடைக்க நானும் போகிறேன். வகுப்பில் யார் என்ன கேட்டாலும் எனக்கு வாய் வராது. அன்று வந்துவிட்டது. புது ஸ்பீக்கர் இரண்டோடும் அவர் ஒரு வாரமாகப் பட்ட பாட்டைப் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் பாட்டுக் கேட்க வருகிறார்கள். மிருதங்கம் வந்தாலே 'கும்'மென்று இரைந்தது.

"மூலையில இருக்கறதால இரையுது சார். பெருக்கறதுக்கு முன்னால இழுத்து வைக்கிறப்போ நல்லா கேக்குது."

ஒரு முழம் இழுத்து வைத்தார். இரைச்சல் போய்விட்டது.

"கோமளா, இங்க வாயேன்! இந்தப் பொண்ணுக்கு என்னைவிட நல்ல காது!"

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மேலும் பேசினேன்.

"கை தட்டிப் பாருங்க சார். சுவத்துல பட்டுத் திரும்பி வருது. தரை மார்பிள், ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் வெறுஞ்சுவரு. எங்க வீட்ல இப்படி வராது. ராத்திரி போத்திக்கிற பஞ்சு ரஜாய் பகல்ல கொடியில தொங்கும்ல."

"எந்த ரஜாய்?" என்றாள் கோமளா அம்மா. "போன வருஷம் நான் குடுத்தேனே, அதுவா? பஞ்சு நன்னா கெட்டியா இருக்குமே. வீராயி! அது ரெண்டையும் கொண்டு வந்துடு."

அம்மா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தாள். "இந்தக் குளிர் போகட்டும்மா. எங்களுக்குப் போத்திக்க வேற இல்ல. எனக்கு வேற நெஞ்சுச்சளி."

"ஸ்வெட்டர் போட்டுண்டு படு. உறையை அலசிக் கொண்டா. உங்க வாடை அடிச்சா வர்றவா மூக்கைப் பிடிச்சுப்பா."

"சங்கீதத்துக்குத்தானே வீராயி" என்றார் சார், மிகவும் அன்பாக.

அவர்கள் அறையில் சுருட்டி வைத்திருந்த கம்பளமே போதும் என்று எனக்குத் தெரியும். வாய் வரவில்லை.

ஞாயிறு காலை அம்மாவே ஆணி அடித்து இரண்டையும் மாட்டினாள். அதற்குள் இருமல் அதிகமாகியிருந்தது. நான்கு பேர் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள்.

"மூணு நாள் அளந்து அளந்து வச்சேன்" என்றார் சார். என்னைக் கூப்பிட்டார். "எங்க, தட்டு."

தட்டினேன். சத்தம் திரும்பி வரவில்லை.

"அச்சா!" என்றார் ஒருவர். "ஓய், வாரா வாரம் இவளையே தட்டச் சொல்லும். நம்ம பாட்டுக்குக் கை தட்ட வேற யார் இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா சமையலறை வாசலில் இருமினாள். "வெளில போய் இருமு, பாட்டு போடப் போறார்" என்றாள் கோமளா அம்மா.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைக் கூப்பிடாமல் படியிறங்கிப் போனாள்.