அவரை உள்ளே விடாத அறை

முப்பத்திரண்டு வருடம் சந்தை சந்தையாக அலைந்து தராசுகளைச் சோதித்த மனிதருக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் அவர் எதைச் சோதிப்பார்? வீட்டைத்தான். பால் பாக்கெட்டை அளந்து பார்த்தார். பல் டாக்டரின் சுவரில் தொங்கிய சான்றிதழை எழுத்தெண்ணிப் படித்தார். மேசை செய்ய வந்த தச்சரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்றாம் நாளே அவரை ஓட வைத்தார். தெருவில் எல்லோரும் இன்னமும் அவரை ஆய்வாளர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரே மகளின் கல்யாணத்துக்கு முன்னால், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அவன் அலுவலகத்துக்கு மூன்று தடவை போனார். மூன்றாவது தடவை வாசல் காவலாளியிடம், பையன் எத்தனை மணிக்கு வருகிறான், யாரோடு போகிறான் என்று துருவிக்கொண்டிருந்தபோது பையனே பின்னால் வந்து நின்றான். கல்யாணம் என்னவோ நடந்துவிட்டது. ஆனால் மகள் இன்றுவரை போனில் அப்பாவிடம் அங்கே மழை பெய்கிறதா என்று மட்டும்தான் கேட்பாள். மற்றதெல்லாம் அம்மாவிடம்.

அந்த அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐம்பத்து நான்கு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் சொந்தச் சேமிப்பில் ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தாள். வந்து நான்கு நாள்தான் ஆகிறது. சாலையில் தெறிக்கும் சிறுகற்கள் பெயிண்டைக் கொத்திவிடாமல் இருக்க முன்பக்கம் முழுக்க ஃபிலிம் ஒட்டிவிடலாம் என்று அவளே கடையை விசாரித்து, நாளும் குறித்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்து விடுப்பு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் சாவியைக் கணவரிடம் நீட்டினாள். நீட்டிய சாவியை உடனே விடவும் இல்லை.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க போய் யாரையும் குடையாதீங்க. அவங்க வேலையை அவங்க பாக்கட்டும்."

"நான் என்ன பண்ணப் போறேன்? உக்காந்து பேப்பர் படிப்பேன்."

"இதுலயும் வம்பு இழுத்தீங்கன்னா, இனிமே என் சம்பந்தப்பட்ட எதையும் உங்க கையில குடுக்க மாட்டேன். கோவத்துல சொல்லல. யோசிச்சுத்தான் சொல்றேன்."

அவள் கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அமைதியாகச் சொன்னதால் தலையை ஆட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

கடை முதலாளி மொட்டைத் தலைக்காரர். தலை இருந்த பளபளப்பைப் பார்த்தால் அதற்கும் ஒரு ஃபிலிம் ஒட்டியிருப்பாரோ என்று தோன்றும். கம்பெனிப் பெயர் போட்ட பெட்டியைக் காட்டி, அதிலிருந்து வழவழவென்று ஒரு ஃபிலிம் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். "ஒட்டினதுக்கு அப்புறம் கண்ணுக்கே தெரியாது சார். அதுதான் இதோட சிறப்பு."

ஆய்வாளருக்கு அந்த இடத்திலேயே மூக்கில் வேர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்கிறவனை அவர் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. ஒட்டினால் தெரியாது என்றால், ஒட்டாவிட்டாலும் தெரியாதே!

வண்டியைக் கழுவித் துடைத்து உள்ளறைக்குள் கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தினார்கள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியே எட்டிப் பார்த்தார். மின்விசிறி ஓடவில்லை. தரையெல்லாம் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் துணித் தொப்பி மாட்டிக்கொண்டு, பானட்டின் மேல் குனிந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உள்ள நின்னு பாக்கலாமா?"

"வேண்டாம் சார். தூசி ஆகாது. ஒரு நூல் விழுந்தாலும் அடியில மாட்டிக்கும். நீங்க ஏசியில உக்காருங்க." முதலாளி பேப்பரைக் கையில் திணித்தார்.

மனைவிக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. உட்கார்ந்தார். ஒரே செய்தியை நான்கு முறை படித்தார். தூசிக்காகவாம்! காற்றுப் புகாமல் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை எதுவும் நேர்மையான வேலையாக இருந்து அவர் பார்த்ததில்லை.

பதினொரு மணிக்குச் சிவப்புக் கார்க்காரர் ஒருவர் வந்தார். அவருடைய வண்டியும் அதே அறையின் மறுகோடியில் நின்றது. முதலாளி சிரித்துக்கொண்டே அவர் தலையில் ஒரு தொப்பியை மாட்டி, மேலே ஒரு அங்கியைப் போர்த்தி, உள்ளே அழைத்துப்போனார். பத்து நிமிடம் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த ஆள் வெளியே வந்தார்.

ஆக, மற்றவர்கள் போகலாம். தான் மட்டும் போகக் கூடாது. இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று ஆய்வாளர் முடிவுகட்டினார். அந்த வெள்ளைக் காரில் ஏதோ நடக்கிறது. பெட்டியில் காட்டியது ஒரு சரக்கு, ஒட்டுவது ஒரு சரக்கு. மனைவி பாடுபட்டுச் சேர்த்த காசு. இவர்களை நம்பி ஏமாறப்போகிறவள் அவள்தானே? அவளுக்காகத்தான் பார்க்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டபோது அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

முதலாளி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போன நேரம் பார்த்து, பூனை மாதிரி எழுந்து உள்ளே நுழைந்தார். தொப்பியும் இல்லை, அங்கியும் இல்லை.

அந்தப் பெண் அப்போதுதான் பானட் அளவு ஃபிலிமை அடித்தாளிலிருந்து உரித்துப் பசைப்பக்கம் மேலே தெரிய விரித்து, சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் அதன் மேல் கவிழ்ந்து பார்த்தார். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயர் ஃபிலிமில் ஒரு மூலையிலும் இல்லை.

"எங்கம்மா பேரு? கம்பெனி பேரையே காணோம்?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "சார், பேரு அடித்தாள்லதான் இருக்கும், அத உரிச்சுப் போட்டாச்சு. நீங்க வெளிய போங்க சார். தயவு செஞ்சு."

"உரிச்ச தாளக் காட்டு."

கீழே கிடந்த தாளைக் காலால் தள்ளிக் காட்டினாள். பெயர் இருந்தது. ஆய்வாளர் யோசனையாய்த் தலையைச் சொறிந்தார். பெயர் இருந்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தண்ணீர் காய்வதற்குள் அவள் அவசர அவசரமாக ஃபிலிமைத் தூக்கி பானட்டில் போட்டாள். அவர் நகரவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ரப்பர் தகடால் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளும்போது அவள் கை இரண்டு முறை வழுக்கியது. முதலாளி ஓடிவந்து அவரை வெளியே கூட்டிப்போனார்.

நான்கு மணிக்கு வண்டி வெளியே வந்தது. ஆய்வாளர் போனின் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, அங்குலம் அங்குலமாகத் தேடினார். பானட்டின் நடுவில், ஃபிலிமுக்கு அடியில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு முடி.

"பாத்தீங்களா! இதுக்குத்தான் கதவச் சாத்துனீங்களா? முடி! புது வண்டியில முடி!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

முதலாளிக்கு முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணைப் பார்த்துச் சீறினார். "இந்த மாசத்துல இது ரெண்டாவது தப்பு. இனிமே உள்ள வராத. வண்டி கழுவற இடத்துக்குப் போ." அவள் ஒரு சின்ன விளக்கை எடுத்துவந்து முடியின் மேல் பிடித்தாள்.

"சார், நீங்களே பாருங்க. இது பாதி கருப்பு, வேர்ப்பக்கம் வெள்ளை. சாயம் பூசின முடி. எனக்கு இடுப்பு வரைக்கும் முடி, அதுவும் தொப்பிக்குள்ள. முதலாளிக்கு..." என்று இழுத்தாள். முதலாளிக்கு முடியே இல்லை என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருவரும் ஆய்வாளரின் தலையைப் பார்த்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை குளியலறையில் அவரே பூசிக்கொள்கிற சாயம்.

ஒரு முடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சிவப்புக் கார்க்காரர் தலையில் இருந்து விழுந்திருக்கலாமே என்று கேட்கலாம். எதிராளி வாயை அடைக்க ஆய்வாளருக்கு ஐம்பது வழி தெரியும். அவற்றில் முதல் வழியைத்தான் பிடித்தார்.

"அந்தாள மட்டும் உள்ள விட்டீங்க. என்னை ஏன் விடல? அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க."

முதலாளி தரையைப் பார்த்தார். பெண்தான் சொன்னாள்.

"மேடம் காலையில போன் பண்ணாங்க சார். எங்கிட்டதான் பேசினாங்க. 'என் வீட்டுக்காரர் வருவாரு, நல்ல மனுஷன்தான், ஆனா அவர உள்ள மட்டும் விடாதீங்கம்மா. அவர் பாத்துக்கிட்டே நின்னா உங்களுக்குக் கை நடுங்கும். பச்சக் குழந்தைக்கு ஊசி போடறப்பகூட எனக்கு நடுங்காது. வீட்ல அவர் எதிர்ல காபி ஊத்தறப்ப நடுங்குது'ன்னாங்க."

ஆய்வாளர் போன் விளக்கை அணைத்தார்.

காபி சிந்துவது அவருக்குத் தெரியும். வருடக் கணக்காகப் பார்த்திருக்கிறார். சந்தையில் கள்ள எடை வைத்திருக்கிற வியாபாரிக்கு அவரைக் கண்டதும் கை நடுங்கும்; அதை வைத்தே எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். அதனால் மனைவியின் கை நடுங்கிய போதெல்லாம், இவள் நம்மிடம் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்து இன்னும் உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார். அலமாரியைக்கூட ஒருமுறை திறந்து தேடியிருக்கிறார். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் அவருக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"ஒரு தாள் குடுங்க" என்றார். வேலையில் இருந்தபோது நூற்றுக்கணக்கான அறிக்கைகள் எழுதிய அதே கையெழுத்தில் எழுதினார். அனுமதி இல்லாமல் அறைக்குள் நுழைந்தது நான். முடி என்னுடையது. ஒட்டியவரின் பிழை எதுவும் இல்லை. கீழே கையெழுத்து, தேதி, நேரம். தன் மேல் தானே எழுதிக்கொண்ட முதல் அறிக்கை அது. முதலாளி அதை இரண்டு முறை படித்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"இப்ப உரிச்சா பசைக்கோடு விழும் சார்" என்றாள் அவள். "புது ஃபிலிம் வரவழைச்சுதான் மாத்தணும். அப்ப மேடமே வரட்டும்."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது இன்னும் வெயில் இருந்தது. மனைவி சீருடையைக்கூட மாற்றாமல் ஓடிவந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். கண்ணாடியைத் தடவினாள். பானட்டுக்கு வந்ததும் நின்றாள்.

"இது என்ன, முடியா?"

"என்னோடதுதான். உள்ள போகாதன்னு சொன்னாங்க, நான் போனேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தாள்.

"அவள என்ன சொன்னீங்க? வேலைய விட்டு அனுப்ப வெச்சுட்டீங்களா?"

"இல்ல. என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தேன்."

"நீங்க?"

"நான்தான்."

அவள் உள்ளே போனாள். அறைக்கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் மெதுவாகப் போனில் பேசும் குரல். என்ன பேசுகிறாள் என்று விளங்கவில்லை. ஜன்னல் பக்கம் நான்கு அடி எடுத்துவைத்தால் எல்லாம் கேட்கும். அவருக்கு அந்த ஜன்னல் நன்றாகத் தெரியும். வண்டியின் பக்கத்திலேயே நின்றார்.

மாப்பிள்ளையின் அலுவலகத்து வாசல் நினைவுக்கு வந்தது. தன்னைப் பற்றி ஒருவர் விசாரித்துக்கொண்டிருக்க, ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பையனிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஐந்து நிமிடம் கழித்து அவள் வெளியே வந்தாள். படியில் நின்றபடியே அவரைப் பார்த்தாள்.

"நிஜமாத்தான் எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. அவளுக்கு அவ்வளவு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கார் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.