அம்மாவுடன் கவிநிலா

வரவேற்பு மேசைக்குக் கீழே போனை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு ஓவியா மறுபடியும் மகளைப் பார்த்தாள். கார்த்திகைத் தீபத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ரமணாசிரமம் பக்கம் ஒரு ரூம் கிடைக்குமா என்று ஊர் உலகமெல்லாம் அந்த கெஸ்ட் ஹவுஸுக்கே போன் செய்வதுபோல் இருந்தது. "இல்லீங்க, ஃபுல் ஆயிடுச்சி" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, கண்ணை மட்டும் மடியில் வைத்திருக்க அவள் பழகியிருந்தாள். முதலாளிக்கு அது தெரியும். அவரும் பேரன் பேத்தி எடுத்தவர் என்பதால் தெரியாததுபோல் இருந்துகொள்வார்.

செங்கம் ரோட்டில் ஹைமவதி மேடம் நடத்தும் காப்பகத்தில்தான் குழந்தையை விட்டிருந்தாள். அங்கே மாட்டியிருக்கும் ஏஐ கேமராவுக்கு மனுஷனைவிட அறிவு ஜாஸ்தி என்று சேர்க்கும்போதே மேடம் சொல்லியிருந்தார். ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் அது படித்து வைத்திருக்கும். முகத்தில் துணி விழுந்தால் மணி அடிக்கும். பெற்றவர்கள் போனைத் திறந்தால் அவரவர் குழந்தை மட்டும் தெளிவாகத் தெரியும், சுற்றிலும் ஒரு மஞ்சள் கட்டம், அதன்மேல் பெயர். மற்ற குழந்தைகள், பார்த்துக்கொள்ளும் பெண்கள் எல்லாரும் புகைமூட்டம்தான். "உங்க குழந்தைய வேற யாரும் பாக்க முடியாது. பிரைவசிதான் எங்களுக்கு முக்கியம்" என்பார் மேடம். சாயங்காலமானால் அன்றைய நல்ல காட்சிகளைக் கேமராவே பொறுக்கிக் கோத்து வீட்டார் எல்லாருக்கும் அனுப்பிவிடும். கணவன் புகழேந்தி, கீழ்பென்னாத்தூரில் மாமனார், கொழுந்தன் என்று ஒரு கூட்டமே அந்த வீடியோவுக்குக் காத்துக்கிடந்தது.

முந்தின நாள்தான் கவிநிலாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். வேண்டிக்கொண்டபடி கரும்புத் தொட்டிலில் மகளைப் போட்டுக் கோயிலைச் சுற்றி வந்தார்கள். சந்தனம் தடவிய அந்த மண்டை ஓவியாவுக்கே இன்னும் பழகவில்லை. ராத்திரி தூக்கத்தில் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டாள். மொட்டை போட்டுவிட்டால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முகம்தான். காப்பகத்திலோ எல்லாருக்கும் ஒரே மஞ்சள் சட்டை வேறு.

காலையில் மஞ்சள் கட்டத்துக்குள் இருந்த மொட்டைத் தலை சமர்த்தாகத் தவழ்ந்துகொண்டிருந்தது. ஓவியாவுக்கு நிம்மதியாக இருந்தது. வாசல் பக்கம் புகைமூட்டமாக ஒரு குழந்தை உட்கார்ந்து, உடம்பெல்லாம் குலுங்க அழுதுகொண்டிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ பாவம் என்று நினைத்து ஒரு நொடி மனம் கசிந்தாள். அடுத்த போன் அடித்தது.

மத்தியானம் மடியில் போன் அதிர்ந்தது. ஒரு படம் வந்திருந்தது, ஓரத்தில் சின்ன இதயக்குறி. கீழே 'அம்மாவுடன் கவிநிலா' என்று எழுதியிருந்தது.

நான் இங்கே இருக்கிறேனே என்றுதான் முதலில் தோன்றியது. தொட்டுத் திறந்தாள். சுவரோரம் திரும்பி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மார்பில் மொட்டைத் தலை புதைந்திருந்தது. பெண்ணின் முகம் புகை. கழுத்துக்குக் கீழே, மஞ்சள் கட்டம் விழுந்த இடம் மட்டும் பளிச்சென்று, ரவிக்கை விலகி, எல்லாம் தெரிந்தது.

ஓவியா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வேலைக்குத் திரும்பின கொஞ்ச நாளிலேயே அவளுக்குப் பால் கம்மியாகிப்போனது. பாட்டில் பழகிய கவிநிலா அதன்பின் மார்பில் வாய் வைக்கவில்லை. வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. அந்தத் துக்கத்தை அவள் புகழேந்தியிடம்கூடச் சொன்னதில்லை. தன்னிடம் குடிக்காத குழந்தை இன்னொருத்தியிடம் குடிக்கிறது. அவளைத்தான் அம்மா என்கிறது கேமரா. ஓவியா "ஒரு அவசரம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டோரம் சவுக்குக் கட்டையில் தடுப்பு கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவள் போன வேகத்தைப் பார்த்துத் திட்டினார்கள்.

முன்னறையில் யாரோ ஒரு பெற்றோருடன் ஹைமவதி மேடம் பேசிக்கொண்டிருந்தார். நிற்காமல் உள்ளே போனாள். அதே சுவரோரம் எழிலரசி உட்கார்ந்திருந்தாள். அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் பெண், ஓவியாவைவிடச் சின்னவள், எப்போதும் சிரித்த முகம். மடியில் மொட்டைத் தலை.

"குடுடி எம் பொண்ண!" என்று பறித்தாள் ஓவியா.

வாயிலிருந்து பால் வழிய அந்தக் குழந்தை அவளைப் பார்த்து விழித்தது. தடித்த புருவம், மோவாயில் ஒரு குழி. அது கவிநிலா இல்லை. பெண் குழந்தையே இல்லை. அதற்குள் வாசல் பக்கமிருந்து தவழ்ந்து வந்த இன்னொரு மொட்டை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு விம்மியது. அழுதழுது கண் வீங்கியிருந்தது. குத்திய காது சிவந்து தடித்திருந்தது.

பறித்த பிள்ளையை எழிலரசியின் மடியிலேயே விட்டுவிட்டு, ஓவியா மகளை அள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். காலையில் யார் பெற்ற பிள்ளையோ என்று அவள் பாவப்பட்டது தான் பெற்ற பிள்ளையைத்தான்.

"காதுல வலிக்குதுக்கா அதுக்கு. காலையில வாசல்லயே உக்காந்து அழுதுச்சி, தூக்கினப்புறம் இடுப்ப விட்டு எறங்கல. இவனுக்குப் பசிச்சிடுச்சினு இப்பத்தான் கீழ உட்டேன்" என்றாள் எழிலரசி. அவள் கை ரவிக்கைக் கொக்கியைத் தேடியது. "இவன் எம் புள்ள, மாறன். நேத்து நாங்களும் கோயில்ல மொட்ட போட்டோம். வூட்ல பாத்துக்க ஆளில்லக்கா. மேடம்தான் பாவம் பாத்து இட்டாரச் சொன்னாங்க. ஆனா பேரன்ட்ஸ் யாருனா கம்ப்ளைன்ட் பண்ணா அன்னியோட நின்னுக்கணும்னு சொல்லிட்டாங்க. சொல்லிடாதீங்கக்கா."

கேமராவின் கணக்கில் மாறன் என்று ஒரு பிள்ளையே இல்லை. மொட்டை போட்ட கவிநிலாவைத் தெரியாமல், கிடைத்த மொட்டைக்கு அவள் பெயரை வைத்து, பால் கொடுத்தவளை அம்மா என்றும் எழுதிவிட்டிருந்தது. அதன் அறிவு அவ்வளவுதான். ஆனால் அதைக் குறை சொல்லவும் ஓவியாவுக்கு வாய் வரவில்லை. பெற்றவளே ஏமாந்திருக்கிறாள்.

ஓவியா போனை நீட்டினாள். எழிலரசி பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்துவரை சுற்றிக்கொண்டாள்.

"எங்கள யாருக்கும் தெரியாது, மங்கலாத்தான் இருக்கும்னாங்களேக்கா. அத நம்பித்தான உட்கார்ந்தேன்." அண்ணாந்து கேமராவைப் பார்த்தாள். "உங்க வூட்டுக்காரர் பாத்துட்டாரா?"

"இல்ல. வேல நேரத்துல அவரு போன எடுக்க மாட்டாரு. இப்ப எனக்கு மட்டும்தான் வந்திருக்குது." ஓவியா போனில் மணியைப் பார்த்தாள். "சாயங்காலம் எல்லாருக்கும் போயிடும்."

அந்த எல்லாரையும் நினைத்துப் பார்த்தாள். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். கொழுந்தன் டீக்கடையில் நண்பர்களுக்குக் காட்டுவான். எழிலரசி இதே ரோட்டில்தான் தினமும் பஸ் ஏறி இறங்க வேண்டும்.

அழிக்கும் இடத்தைத் தேடித் தொட்டாள். காரணம் கேட்டது. 'இது என் குழந்தை இல்லை' என்று ஒன்று இருந்தது. அதுதான் உண்மை. அதைத் தொட்டதும், காட்சி நிர்வாகத்துக்கும் கம்பெனி ஆட்களின் ஆய்வுக்கும் அனுப்பப்படும் என்று வந்தது. எழிலரசி எட்டிப் பார்த்து "ஐயோ" என்றாள். ஓவியா அவசரமாக முந்தின திரைக்குத் திரும்பினாள். கீழே இன்னொன்று இருந்தது. 'தாயின் தனிப்பட்ட காட்சி. உடனே அழிக்கப்படும்.' அதைத் தொட்டாள்.

'இந்தக் காட்சியில் இருக்கும் அம்மா நீங்கள்தானா?'

கவிநிலா விம்மல் அடங்கி அவள் தோளில் சந்தனத்தை ஈஷிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக அப்படி ஒரு படத்துக்கு அவள் ஏங்கியிருந்தாள். தானும் மகளும் அப்படி இருந்ததை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

'ஆம்' என்று அழுத்தினாள். திரை வெறுமையானது.

"என்ன ஓவியா, இந்நேரத்துல வந்திருக்கீங்க? ஏதாச்சும் பிரச்சனையா?" ஹைமவதி மேடம் வாசலில் நின்றார். அவர் கண் எழிலரசியின் இடுப்பிலிருந்த பிள்ளைமேல் ஒரு தரம் போய் வந்தது.

"ஒண்ணுமில்ல மேடம். காது குத்தினதுல ராத்திரி தூங்கல, அதான் பாத்துட்டுப் போலாம்னு. மொட்ட போட்டுட்டோமில்ல, போட்டோவும் புதுசா ஏத்தணும்."

மேடம் தலையாட்டிவிட்டுப் போனார். நம்பினாரா என்று தெரியவில்லை. எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. அவமானத்தின்மேல் நன்றி சொல்ல யாருக்குத்தான் வரும்?

ஓவியா குழந்தையை எதிரே உட்காரவைத்துப் போனைப் பிடித்தாள். 'முகம் நேராகத் தெரியவில்லை' என்றது. "கவி, இங்க பாரும்மா, அம்மாவப் பாரு." கவிநிலா தரையைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறுபடி அழத் தயாரானது. ஓவியாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற எழிலரசி நாக்கை மடித்து டொக்கென்று ஒரு சத்தம் போட்டாள். கவிநிலா போனுக்கு மேலாக அண்ணாந்து அவளைப் பார்த்து, இருக்கிற ரெண்டு பல்லும் தெரியச் சிரித்தது.

மஞ்சள் கட்டம் அந்தச் சிரிப்பைச் சுற்றி விழப்போனது. அதற்குள் மாறன் எழிலரசியின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, தவழ்ந்து போய்த் தொப்பென்று கவிநிலாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கட்டம் இந்த மொட்டைக்குப் போனது, அந்த மொட்டைக்கு வந்தது. ஓவியா போனை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எழிலரசி தன் பிள்ளையை நகர்த்தக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும் எழில்" என்றாள் ஓவியா.

கட்டம் இரண்டு தலைக்கும் நடுவில், பெயர் எழுதாமல், விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.