ஏற்றத்தில் வரும் பல்வலி

கலகெதரையில் மகள் வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் பாதி வழி வந்ததும் ஜமால்தீன் நின்று, இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டார். பின்னால் வந்த அவருடைய மனைவி சகீனாவும் நின்றாள். அந்தப் பக்கத்துக் கடைவாய்ப்பல்லைப் போன கிழமைதான் கண்டிக்குப் போய்ப் பிடுங்கிவிட்டு வந்திருந்தார்.

மடவளையிலிருந்து மலைக் கிராமங்களுக்கு ஏறி இறங்கி, பாக்கும் மிளகும் வாங்கி விற்கிற மனிதர். மழைக்காலம் தொட்டு இந்த வலி. மேட்டில்தான் வந்து பிடிக்கும். உடனே நின்று, மடியிலிருந்து ஒரு கராம்பை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். கராம்பின் மகிமையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பிடுங்கிய பல்லைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உடம்பிலிருந்து கழன்றதை மண்ணில் புதைப்பது வழக்கம். வீட்டு வளவில் குழி தோண்டிவிட்டு, இரத்தத்தைக் கழுவிப் பார்த்தபோதுதான் சகீனாவுக்குத் திக்கென்றது. ஓட்டையில்லை, சொத்தையில்லை. வெற்றிலைக் காவியைத் தவிர ஒரு பழுதும் இல்லாத பல். வீட்டில் உட்கார்ந்து எலும்பைக் கடிக்கும்போது மனுசன் ஒரு நாளாவது முகம் சுளித்ததில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளுடைய அண்ணன், முனாப் காக்கா, ஹுன்னஸ்கிரிய மேட்டில் தாடை வலிக்கிறதென்று உட்கார்ந்தவர்தான், பிறகு எழும்பவேயில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் அவளை விடவில்லை.

"பக்கத்துப் பல்லாத்தான் ஈக்கோணும்" என்றார் ஜமால்தீன். மடியைத் தடவினார். கராம்புப் பொட்டலத்தைக் காணோம். "சரி, நட. இன்னம் கொஞ்சம்தானே."

சகீனா நடக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பேர் போய் வருகிற இடம். அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் பொம்பிளையைத் தெருவில் விட்டுவிட்டுப் போக முடியுமா? முறைத்துக்கொண்டு நின்றார். மெல்ல மெல்ல மூச்சு சீரானது. கன்னத்திலிருந்த கை தளர்ந்தது.

"உட்டுட்டா?" என்று கேட்டாள்.

"ம்."

"கராம்பு என்ட கையில ஈக்கி." பொட்டலத்தை விரித்துக் காட்டினாள். "காலையில நான்தான் எடுத்து வெச்சேன். நீங்க நிக்கிறதாலதான் வலி போகுது. இது பல்லு இல்ல. எங்கட காக்காக்கும் இப்பிடித்தான் வந்த. திரும்புங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

மேலே வாசலில் நின்ற மகள் அவர்களைக் கண்டு கையசைத்தாள். பதிலுக்கு அசைக்க ஜமால்தீன் தூக்கிய கை பாதியிலேயே இறங்கி, சட்டையின் இடப்பக்கத்தில், நெஞ்சின் மேல் போய் நின்றது.