'த்ரோ'வுக்கு என் இனிஷியல்

டாக்டர் ஆர்மராட் எப்படி அகராதியின் தலைமை ஆசிரியர் ஆனார் என்று கேட்காதீர்கள். அவருடைய மாமனார் பதிப்பகத்தில் ஒரு பங்குதாரர், அவ்வளவுதான். சொல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதைச் சத்தமாகச் சொல்வது மட்டும்.

லீட்ஸ் அலுவலகத்தில் என் பங்குக்கு 'த்ரோ' (throw) என்ற ஆங்கிலச் சொல் வந்தது. எறிவது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் குயவர்கள் சக்கரத்தில் பானை வனைவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். ஏனென்று எட்டு மாதம் தேடினேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு முறுக்குவது, திருகுவது என்றே பொருள். எறிவது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ஆர்மராட் என் குறிப்புச் சீட்டுகளைப் புரட்டக்கூட இல்லை.

"களிமண்ணைச் சக்கரத்து மேல எறியறாங்க, அதான் அந்தப் பேரு. இதுக்கு எட்டு மாசமா, மிஸ் ஹாலிவெல்?"

"நீங்க யாராவது வனையறதைப் பாத்திருக்கீங்களா சார்?"

"பாக்கணுமா என்ன?"

பானைத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக்கிலிருந்து டோரிஸ் மேச்சினை ரயிலேற்றி வரவழைத்தேன். முப்பது வருஷம் குயவர் சக்கரத்தின் முன் உட்கார்ந்தவள்.

"மண்ணை அடிச்சு வெக்கிறது வேற சார். அது சுத்திச் சுத்திக் கையில எழும்புது பாருங்க, அதைத்தான் நாங்க அப்படிச் சொல்றோம்," என்றாள்.

"தொழில் செய்யறவங்களுக்கு அதோட சரித்திரம் தெரியணும்னு இல்லம்மா," என்றார் அந்த மேதாவி.

டோரிஸ் என் பக்கம் திரும்பினாள். "இவருக்கு டீ கப்பையாவது ஒழுங்காப் பிடிக்கத் தெரியுமா கண்ணு?"

மறுநாள் அவரே தட்டச்சு செய்த தாள் என் மேசைக்கு வந்தது. களிமண்ணை எறிவதால் வந்த பொருள் என்றிருந்தது. எழுதியவரின் இனிஷியல் கீழே இல்லாமல் அச்சகம் எதையும் வாங்காது.

"உங்க இனிஷியலைப் போடுங்க," என்றார் பின்னாலேயே வந்த ஆர்மராட். "உங்க வேலையை நிரந்தரமாக்கற ஃபைல் எங்கிட்டதான் இருக்கு."

"எழுதினது நீங்கதானே சார்?"

"தப்புன்னு நாளைக்கு யாராவது கடிதம் எழுதினா, ஆசிரியரா பதில் சொல்றது?"

அவரை மனதுக்குள் கழுதை என்று வைதுகொண்டே பேனாவைத் திறந்து, அந்தப் பொய்க்குக் கீழே என் இனிஷியலை அழகாகப் போட்டேன். டோரிஸ் இதைப் படித்தால் என்ன நினைப்பாள் என்று ஒரு கணம் பயந்தேன். இவ்வளவு விலை கொடுத்து அவள் எங்கே அகராதி வாங்கப் போகிறாள் என்று தோன்றியதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக என் முகத்தில்தான் காறித் துப்ப வேண்டும்.