எந்த மாடியில் கிளம்பியது

...இல்லை, அந்தக் கட்டடத்துக்குப் பன்னிரண்டு மாடிதான், பதினேழு என்று நான் சொல்லியிருக்கவே முடியாது, சொன்னேன் என்று மகள் சாதிக்கிறாள், போன வருஷம் பன்னிரண்டு, முந்தாநாள் பதினேழு, "அப்பா, பெரியப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது, ஒரு டாக்டரைப் பாத்துடலாம்" என்கிறாள், பெரியப்பா என்ற சொல் வரும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொள்கிறாள்... என் அண்ணன் முதலில் சாவியை மறந்தான், பிறகு அதற்கொரு பூட்டு உண்டு என்பதை மறந்தான், கடைசியில் வாசலில் நின்ற என்னைப் பார்த்து "வாங்க, உட்காருங்க" என்று உபசரித்தான், அதற்கு முந்தைய அறுபது வருஷத்தில் அவன் என்னை உட்காரச் சொன்னதே கிடையாது. நான் மகளுக்கு என்ன பதில் சொல்வது? மறக்கவில்லையம்மா, அளந்தேன் என்றா? அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கதை, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் நான் பழுது பார்த்த லிப்ட் பதின்மூன்றாவது மாடியில் போய் நின்று கதவைத் திறந்தது, வெளியே ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், "கீழயா?" என்று கேட்டார், "ஆமா" என்றேன், ஏறிக்கொண்டார், அவ்வளவுதான், இதில் நான் எதையும் கூட்டவில்லை. பொய்யன் என்று ஒப்புக்கொள்வதா, மூளை தேய்கிறது என்று ஒப்புக்கொள்வதா... இரண்டும் வேண்டாமென்று பந்தயம் கட்டினேன், ரிட்டயரான பிறகு பொழுதுபோக நான் சேர்ந்த கால்குலஸ் வகுப்பு லீவு முடிந்து திறக்கிறது, முதல் நாள் டெஸ்டில் பாஸானால் டாக்டர் பேச்சை எடுக்கக் கூடாது, "ஃபெயிலானா?" என்றாள், "நீ கூப்பிடற இடத்துக்கு வாயைத் திறக்காம வர்றேன்" என்றேன், நான் வாயைத் திறக்காமல் வருவது என்பதே பெரிய பந்தயம்.

இப்போது வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறேன், நான்காவது மாடி, மூன்று வாரம் பூட்டிக் கிடந்த அறை, கரும்பலகையில் போன பருவத்தின் கடைசிக் கணக்கு பாதி அழிந்தபடி நிற்கிறது, அதைப் பார்த்தால் எங்கேயோ கல்யாணத்தில் பார்த்த முகம்போல இருக்கிறது, பெண் வீடா, மாப்பிள்ளை வீடா... டீச்சர் தாள்களை நீட்டினார், விடுமுறை முடிந்த முதல் நாள் இது அவருடைய வழக்கம், புத்தகங்கள் மேஜைக்கு அடியில், மூன்று கேள்வி, பத்து நிமிஷம், இரண்டு சரியென்றால் பாஸ், பக்கத்து ஆள் திருத்த வேண்டும். "பயப்படாதீங்க, யாருக்கு எவ்வளவு மிச்சமிருக்குன்னு பாக்கறேன், அவ்வளவுதான்" என்றார், என்னைப் பார்த்துச் சொன்னாரா, எல்லாரையும் பார்த்தா? எனக்கு முன்னால் பஸ் டிரைவர் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் நர்ஸம்மா, டியூட்டி முடிந்து நேராக வந்தவள், கண்ணை மூடினால் தூங்கிவிடுவாள் போலிருக்கிறது. முதல் கேள்வி, எக்ஸின் மும்மடியை வகையிடு, கை தானாக மூன்று எக்ஸ் வர்க்கம் என்று எழுதிவிட்டது, எழுதியது கைதான், நான் இல்லை, கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது, அண்ணனுக்கும் கடைசிவரை சட்டைப் பித்தான் மட்டும் சரியாகப் போடத் தெரிந்திருந்தது... இரண்டாவது, வெறும் ஏழு, ஏழை வகையிடு, ஏழை என்ன செய்ய முடியும், அது பாட்டுக்கு ஏழாக இருக்கிறது, ஏழு என்றே எழுதினேன், எழுதியதும் ஏதோ இடித்தது, அடித்து ஒன்று என்று எழுதலாமா, இல்லை, ஏழே இருக்கட்டும், இது போன பருவத்தில் நடத்தினதா, நான் அன்றைக்கு வந்திருந்தேனா?

மூன்றாவதில்தான் வியர்த்தது. இரண்டு எக்ஸைத் தொகையிடு, அதாவது பின்பக்கமாகப் போ, எதை வகையிட்டால் இரண்டு எக்ஸ் வரும், எக்ஸ் வர்க்கம், அதை எழுதிவிட்டேன், ஆனால் அதோடு முடியாது, அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று வரும், என்ன என்று தெரியவில்லை, வரும் என்பது மட்டும் தெரிகிறது, இது மறதியா, ஞாபகமா, இதற்கு எந்த டாக்டரிடம் போவது... அப்போது வெளியே லிப்ட் கிளம்பும் சத்தம், கயிறு இழுபட்டு, வேகம் ஏறி, சீராகி, தணிந்து, ஒரு சின்னக் குலுக்கலோடு நின்றது, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது, நாற்பது வருஷக் காது, கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், மூன்று மாடி ஏறியிருக்கிறது. எங்கிருந்து மூன்று? தரைத்தளத்திலிருந்து மூன்றாவதுக்கா, இரண்டிலிருந்து ஐந்துக்கா? அது மட்டும் சத்தத்தில் இல்லை, எவ்வளவு ஏறியது என்று வேகம் சொல்லும், எந்த மாடியில் கிளம்பியது என்று சொல்லாது... கூட்டல் சி! அதுதான், அந்த மாறிலி, தெரியாத மாடி, எக்ஸ் வர்க்கம் கூட்டல் சி, தாள் கிழியும்படி அழுத்தி எழுதினேன்.

தாள்களை மாற்றிக்கொண்டோம், டீச்சர் பலகையில் எழுதிய விடைகளைப் பார்த்து நர்ஸம்மா என் ஏழைச் சுழித்தாள். "ஐயா, வகையிடறதுன்னா வேகம் கண்டுபிடிக்கறதாம், ஏழாவது மாடியிலயே நிக்கிற லிப்டுக்கு வேகம் எவ்வளவு?" என்றாள் மெதுவாக. பூஜ்யம். என் தொழிலை வைத்தே என்னைக் கவிழ்த்துவிட்டாள். "உனக்கு ஞாபகம் இருந்துச்சா?" "எங்க, நான் நாலுன்னு போட்டிருக்கேன், நேத்து காதுல பேனாவை வெச்சுக்கிட்டு வார்டு பூரா பேனாவைத் தேடினவ நான்." டிரைவர் திரும்பினார், "லீவு முடிஞ்சு வண்டி எடுத்தா எனக்கு ரூட்டே மறந்துபோகுது, பின்னாடி உக்காந்தவங்க சொல்லித்தான் போனேன், இதுல எக்ஸாம்." என்னை விட்டால் இன்னொரு அளப்பான் இந்த அறையில் இருக்கிறான். டீச்சர் தாள்களைப் புரட்டிவிட்டு, "பதினோரு பேர்ல ஒருத்தர்தான் சி போட்டிருக்கார்" என்று என் தாளைத் தூக்கிக் காட்டினார், இரண்டு சரி, பாஸ், பத்துப் பேர் மறந்ததை நான் மறக்கவில்லை, வாலிப வயசுக்காரர்கள் எல்லாம் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், அப்படியென்றால் மறப்பதுதான் ஆரோக்கியமோ... குழம்பாதே, பாஸ் என்றால் பாஸ்.

வகுப்பு விட்டதும் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லிப்டுக்குக் காத்திருந்தபோது மகளைக் கூப்பிட்டேன். "பாஸும்மா, பதினஞ்சு பேர்ல நான் ஒருத்தன்தான் சரியா எழுதினேன், டீச்சர் தூக்கிக் காட்டினாங்க." "அப்பா, உங்க கிளாஸ்ல மொத்தமே பதினோரு பேர்தானே?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் சிரித்துச் சமாளித்திருப்பேன், பெரியப்பா என்று சொல்லும் அதே தணிந்த குரலில் கேட்டாள். பதினோரு பேர்தான், எனக்குத் தெரியும், தெரிந்துதான் ஏற்றினேனா, பதினைந்து என்று வாய் சொன்னபோது நான் எங்கே இருந்தேன், முதல் கேள்விக்குக் கை எழுதியபோது நின்ற அதே இடத்திலா... "அப்பா? இருக்கீங்களா?" "இருக்கேன்." லிப்ட் வந்தது, கதவு திறந்தது, உள்ளே யாரோ ஒருவர், "கீழயா?" என்று கேட்டார். சரி, அந்தக் கட்டடத்துக்குப் பதினேழு மாடி இல்லை, பன்னிரண்டு, ஆனால் பன்னிரண்டும் நான் ஏற்றிச் சொன்னதுதானே, அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது முதல் தடவை சொன்னேனே, அப்போது எத்தனை? ஒன்பதா, ஆறா... அதற்கும் முன்னால், யாருக்கும் சொல்வதற்கு முன்னால், அந்த வாசலில் கருவிப்பெட்டியோடு நின்று அண்ணாந்து எண்ணினேனே, எண்ணினேன் என்பது மட்டும் தெரிகிறது.