ஈரத் துண்டு

இந்தப் பூமியில் உள்ள எந்தப் பாறையும் என் கணக்கை மீறி உடையாது என்றார் பேராசிரியர். மீறி உடைந்தால் தப்பு பாறையுடையது. அவர் கணக்குப்படி, அன்று வந்திருந்த கருங்கல் உருளையின் நடுத்துளைக்குள் பம்பு வைத்துத் தண்ணீரை ஏற்றினால் சரியாக நாற்பது மெகாபாஸ்கல் அழுத்தத்தில் பிளக்கும். அந்தத் திருக்காட்சியைக் காண எண்ணெய்க் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள்.

பம்பை இயக்குபவர் பேராசிரியரின் தங்கை கணவர். ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் உட்பட எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். எந்தக் கல் வந்தாலும் ஈரத் துண்டால் துடைத்துவிட்டு, காயும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். மற்ற இடமெல்லாம் வெளுத்த பிறகும் விரிசலில் மட்டும் ஈரம் கறுப்பாக நிற்கும். அன்றும் நின்றது, துளையில் தொடங்கி விளிம்புவரை, மயிரிழை கனத்தில்.

"மச்சான், இதுல பழைய விரிசல் இருக்கு. தண்ணி அதுக்குள்ள பூந்துரும். பத்துலயே விட்டுரும்."

பேராசிரியர் விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "எங்க மாப்ள கல்லைக் குளிப்பாட்டித்தான் வேலைக்கு அனுப்புவாரு. பவுடர் போட மறந்துட்டீங்களே மாப்ள?"

மூவரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு வருடமாக அவருக்குக் கைநடுக்கம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், யாரிடமும் சொல்லிவிடாதே அண்ணா என்று தங்கை அழுததால், அது பேராசிரியருக்கு மட்டும் தெரியும்.

கல் ஒன்பதில் பிளந்தது. கறுப்புக் கோட்டின் மேலேயே, அளந்து வெட்டியதுபோல.

பேராசிரியர் பதறவில்லை. அறிக்கையில் காரணம் கேட்ட கட்டத்தில், இயக்குபவரின் கைநடுக்கத்தால் கல் முன்பே சேதமடைந்தது என்று எழுதினார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "கையை நீட்டுங்க மாப்ள" என்றார்.

நீட்டினார். நடுங்கியது. சாட்சிக்கு மூன்று பேர் இருந்தார்கள்.

"தங்கச்சிகிட்ட நானே பக்குவமா சொல்லிடறேன். உங்களுக்கு ஏன் சிரமம்?"

மாப்பிள்ளை சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். மூடி வழியெல்லாம் கடகடத்தது.

அடுத்த திங்கட்கிழமை, அதே பாறையில் வெட்டிய இரண்டாவது உருளை வந்தது. அதே மூவர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பேராசிரியர் எட்டரைக்கே வந்து கதவை உள்ளே தாழிட்டார். ஆணியில் மாப்பிள்ளையின் துண்டு தொங்கியது. நனைத்துப் பிழிந்து, கல்லை ஓர் இடம் விடாமல் துடைத்தார். எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

கல் மெல்ல வெளுத்தது. ஒரு கோடு மட்டும் வெளுக்கவில்லை.

கணக்குத் தாளை எடுத்தார். நாற்பதை அடித்துவிட்டு, கொஞ்சமும் நடுங்காத கையால், பத்து என்று எழுதினார்.